பியூலாவுக்கு மேல யாரு?

இல்ல அண்ணாச்சி, நீங்க போன்ல "மாத்திர போட்டியா, சாப்ட்டு முடிச்சிட்டியா"ன்னு கேட்டிய பாத்தியளா, அதுலயே பிடிச்சிட்டேன், நம்ம பக்கந்தான்னு. எனக்கு சாயர்புரம். பேரு செல்வின். லீட்ஸ்ல இந்த பஸ்ஸுல ஏறுனதுலருந்து யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசல. இங்க பக்கத்துல ஒருத்தன் உக்காந்தா வெளிய திரும்பிக்கிடுதான். வீட்டுலயும் பேச ஆளு கெடயாது. ஏழு மாசமா செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். அதனால கொஞ்சம் பேசிக்கிடுதேன். தப்பா எடுத்துக்காதிய.

என் பொண்டாட்டிய மந்திரக்காரிக கூட்டிட்டுப் போயிட்டாளுவ.

சிரிக்காதிய அண்ணாச்சி. சிரிக்கலயா? சரி. நெறய பேரு சிரிச்சிட்டானுவ, அதான். விக்கான்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கியளா? நானும் போன வருசம் வரைக்கும் கேள்விப்பட்டதில்ல. நிலாவக் கும்பிடுவாளுவ. ஒரு தேவி, ஒரு கொம்பு வச்ச தேவன். வருசத்துக்கு எட்டுப் பண்டிக. இந்த நாட்டுல அது ஒரு மதம், சட்டப்படி ஒண்ணும் செய்ய முடியாது. போலீஸ்காரனே எங்கிட்ட அப்படித்தான் சொன்னான்.

பியூலா நர்ஸு. அவ வேலைக்கித்தான் நாங்க ரெண்டு பேரும் இங்க வந்தோம், மூணு வருசம் ஆச்சி. ஊருல நான் பர்னிச்சர் கட வச்சிருந்தேன், அத மூடிட்டு வந்தேன். அவளுக்காக மூடிட்டு வந்தேன், பாத்துக்கிடுங்க. அவ விசாவுல ஒட்டிக்கிட்டு வந்தவன் நான். அத யாராச்சும் நெனச்சிப் பாக்காங்களா? பிள்ளையும் இல்ல. எனக்கு அவ, அவளுக்கு நான். பதினோரு வருசம்.

நான் அவள ஒரு கொறையும் இல்லாம வச்சிருந்தேன். காலைல ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நானே கொண்டு விடுவேன். சாயங்காலம் எட்டு மணிக்கி வாசல்ல நிப்பேன். மழையோ பனியோ, ஒருநா தவறுனதில்ல. மத்த நர்சுக தனியா பஸ்ஸுக்கு நிப்பாளுவ, பாவமா இருக்கும். சாப்பாட்டு நேரத்துல வீடியோ போட்டு ஒரு நிமிசம் சுத்திக் காட்டுவா, யாரு யாரு கூட இருக்கான்னு. அவ எங்க இருக்கான்னு என் போன்ல தெரியுத மாதிரி ஒண்ணு போட்டு வச்சிருந்தேன். பாஸ்போர்ட்ட நான்தான் வச்சிருந்தேன், அவ தொலச்சிருவா, கொஞ்சம் மறதிக்காரி. கடைக்கி, சர்ச்சுக்கு, எங்க போனாலும் ரெண்டு பேருந்தான். அவ ஒத்தைல ஒரு எடத்துக்குப் போவ வேண்டிய அவசியமே வரல, நான் அப்படி வச்சிருந்தேன். எத்தன புருசன் இப்படிச் செய்வான், சொல்லுங்க?

வந்த மொத வருசம் அவ அம்மா இறந்துட்டாவ. திடீர்னு. இவ போவணும்னு சொன்னா. நான் யோசிச்சேன். இங்கருந்து டிக்கெட் போட்டு, ரெண்டு பிளேன் மாறிப் போயிச் சேருததுக்குள்ள அடக்கம் முடிஞ்சிரும். போயி என்ன செய்ய? "வேண்டாம் பிள்ள, போன்ல பாத்துக்கிடு"ன்னு சொன்னேன். என் கையாலயே போனப் பிடிச்சிக் காட்டுனேன். கல்லறைக்கித் தூக்கிட்டுப் போவும்போது நெட்டு கட்டாயிட்டு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? அவ மறுநா வேலைக்கிப் போயிட்டா. சரி, தேறிட்டான்னு நெனச்சேன்.

போன அக்டோபர் முடிஞ்சி நவம்பர் பொறந்ததும்தான் எனக்கு வித்தியாசம் தெரிஞ்சுது. குளிக்கப் போனா முக்கா மணி நேரம் வரமாட்டா. தண்ணி சத்தமும் இருக்காது. கதவுக்கு அடில வெளிச்சம் ஆடும். மெழுகுவத்தி. தட்டுனா, "வாரேன் அத்தான்"னு சத்தம் வரும், ஆனா வரமாட்டா. உள்ள போயிப் பாத்தா ஜன்னல் திண்டுல ஒரு கிண்ணத்துல உப்பு, ஒரு கிண்ணத்துல தண்ணி. என்னன்னு கேட்டா, காலு வலிக்கின்னா. நர்ஸுக்குக் கால் வலிக்கும்தான். நம்பிட்டேன்.

பொறவுதான் நோட்டு கெடச்சிது. துவைக்கப் போட்டிருந்த யூனிபார்ம் பைக்குள்ள, சின்ன நோட்டு. தமிழ்ல எழுதியிருக்கா. வடக்கு மண்ணு, கிழக்கு காத்து, தெக்கு நெருப்பு, மேக்கு தண்ணின்னு வட்டம் போட்டு வச்சிருக்கா. ஒவ்வொரு நாளும் நிலா எப்படி இருந்துச்சின்னு வரஞ்சிருக்கா, எங்க பாத்ரூம் ஜன்னல் வழியா எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. ஒரு பக்கத்துல "இன்னைக்கி ஹிலாரி வீட்டுச் சடங்கு பத்திக் கேட்டேன்"னு எழுதியிருக்கு. ஹிலாரிங்கறது அவ வார்டுல வேல பாக்குத ஒரு வெள்ளக்காரி, அறுவது வயசு இருக்கும். நாங்க மூணு தலமொற சி.எஸ்.ஐ. என் தாத்தா ஆலயத்துல மணியடிச்சவரு.

எங்க தமிழ் சபைக்கி சத்தியசீலன்னு ஒரு பாஸ்டர் இருக்காரு. அவருகிட்ட நோட்டக் கொண்டு காட்டுனேன். மறுவாரமே வீட்டுக்கு வந்து ஜெபம் வச்சாரு. மூணு மணி நேரம். நாலு பொம்பளைங்க இவ ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டாவ. அழு, அழுதா வெளிய வந்துரும்னு சொன்னாவ. இவ அழவே இல்ல. முடிஞ்ச பொறவு எந்திரிச்சிப் போயி எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்தா. மணிக்கட்டு செவந்து கெடந்துச்சி. மறுநா நான் பாத்ரூம் கதவுல தாப்பாளக் கழட்டிட்டேன். உள்ள மயங்கி கியங்கி விழுந்துட்டா யாரு தொறக்க? அவ நல்லதுக்குத்தான்.

நாலாவது நாள் சாயங்காலம் எட்டு மணிக்கி வாசல்ல நின்னேன். எட்டரை. ஒம்பது. போன்ல பாத்தா அவ ஆஸ்பத்திரிக்குள்ளதான் இருக்கா. உள்ள போயிக் கேட்டேன். பியூலா மூணு மணிக்கே கெளம்பிட்டான்னாளுவ. பின்னால இன்னொரு வாசல் இருக்காம். மூணு வருசம் அங்க நின்னவனுக்கு அது தெரியாது. அவ போன் மட்டும் லாக்கருக்குள்ள கெடந்துச்சி.

போலீஸுக்குச் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சி ஒரு பெண் போலீஸ் கூப்பிட்டா. "உங்க மனைவி பத்திரமா இருக்காங்க. எங்க இருக்காங்கன்னு உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க"ன்னா. பத்திரமா இருக்கான்னா என்ன அர்த்தம் அண்ணாச்சி? யாருகிட்ட இருந்து பத்திரம்? நான் அதத்தான் கேட்டேன்.

பாஸ்டர் ஒரு யோசன சொன்னாரு. "செல்வின், எந்தக் கூட்டத்துக்கும் ஒரு தலைமை உண்டு. அந்தத் தலையப் பிடிங்க. அவங்க சொன்னா இவ கேப்பா." அது எனக்கு ஞாயமாப் பட்டுச்சி. நம்மள்ல ஒரு பிரச்சினைன்னா சேகர குருகிட்ட போறோம், அவரு கேக்கலன்னா பிஷப்புகிட்ட போறோம். அந்த மாதிரி ஒரு ஆளக் கண்டுபிடிச்சி, "அம்மா, என் பொண்டாட்டிய அனுப்பிருங்க"ன்னு கேட்டா முடிஞ்சிது. அவ்வளவுதான் என் திட்டம். சண்ட போட இல்ல.

கம்ப்யூட்டர்ல தேடித் தேடி மொதல்ல மொரீன்னு ஒரு பொம்பளயக் கண்டுபிடிச்சேன். கார்ட்னேரியன்னு போட்டிருந்தா. தோட்டக்காரங்க போலருக்குன்னு நெனச்சேன். பொறவுதான் தெரிஞ்சிது, அது ஒரு ஆளு பேருல வந்த பேரு. எழுவது வருசத்துக்கு முன்னால இந்த மதத்த வெளிய கொண்டாந்தவராம். சிலோன்லயும் மலாயாவுலயும் வேல பாத்துட்டு வந்த வெள்ளக்காரர். பாருங்க, நம்ம பக்கம் இருந்துட்டு வந்து இந்த வேல பாத்திருக்காரு.

கறுப்பு அங்கி போட்டுட்டு வருவான்னு பாத்தா, முட்டிக்கிக் கட்டுப் போட்டுக்கிட்டு ஒரு கெழவி வந்தா. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவளாம். ஒரு காபிக் கடைல உக்காந்தோம். கூட வந்த அவ புருசன்காரன் டீய வாங்கிக் குடுத்துட்டுத் தள்ளி உக்காந்துக்கிட்டான். நான் பியூலா போட்டாவக் காட்டுனேன்.

"எங்க கூட்டத்துல யாரு இருக்காங்கன்னு வெளிய சொல்ல மாட்டோம். அது சத்தியம்"னா. "ஆனா ஒண்ணு சொல்லலாம். எங்ககிட்ட வாரவங்க ஒரு வருசமும் ஒரு நாளும் காத்திருக்கணும். பொறவுதான் தீட்சை. அதுவும் மூணு படி. பொம்பளைக்கி ஆம்பள குடுக்கணும், ஆம்பளைக்கி பொம்பள குடுக்கணும். எனக்குக் குடுத்தவருக்கு யாரு குடுத்தான்னு அடிவரைக்கும் எங்களால சொல்ல முடியும். உங்க மனைவி நவம்பர்ல வீட்ட விட்டுப் போனாங்கன்னா, எங்க வட்டத்துக்குள்ள இருக்க வாய்ப்பில்ல."

"அப்ப வேற யாருகிட்ட இருப்பா?"

"யாருகிட்டயாவதுதான் இருக்கணுமா?"ன்னு கேட்டா. எனக்கு அது புரியல.

"உங்களுக்கு மேல யாரு?"ன்னு கேட்டேன். எல்லா வட்டமும் தனித்தனியாம். அவ வட்டத்துக்கு அவ. மேல ஆளு கெடயாது, ஆபீஸ் கெடயாது, பிஷப் கெடயாது. நான் நம்பல. ஒரு பெட்டிக்கட சங்கத்துக்கே தலைவர் இருக்காரு, ஒரு மதத்துக்கு இல்லாம இருக்குமா?

இன்னொரு கூட்டம் இருந்துச்சி. அலெக்ஸாண்ட்ரியன். மொரீன் கூட்டத்துக்கு இவங்க பங்காளி மாதிரி, பத்துப் பதினஞ்சி வருசம் கழிச்சி வந்தவங்க. அதே மூணு படி, அதே வட்டம், சடங்குதான் கூடுதல். காலின்னு ஒருத்தன், எலக்ட்ரீசியன், போன்ல பேசுனான். அவனும் அதே பாட்டு. எங்களுக்கு மேல யாருமில்ல, எங்கள்ல அவங்க இல்ல. போன வைக்கும்போது, "சார், உங்களுக்கு உதவி வேணும்னா டாக்டரப் பாருங்க"ன்னான். எனக்கு என்ன நோயி?

பொறவு மார்ச்சுல ஒண்ணு கண்டுபிடிச்சேன். டையானிக்னு. அதுல தேவி மட்டுந்தான், தேவன் கெடயாது. ஆம்பளைக்கி எடமே கெடயாது. அப்பமே நெனச்சேன், இதுதான்னு. இப்படி ஒரு எடத்துலதான் குடும்பத்தப் பிரிப்பாளுவ. சனிக்கிழம மத்தியானம் ஒரு சமூகக் கூடத்துல கூடுதாளுவன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போனேன். வாசல்ல ஒரு பொம்பள, நல்ல ஒயரம், கையில ஒரு லிஸ்ட்டு.

"இது பெண்களுக்கு மட்டும்"னா.

"என் பொண்டாட்டி உள்ள இருக்கா. ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயிருதேன்."

"இருந்தாலும் சொல்ல மாட்டேன். இல்லன்னாலும் சொல்ல மாட்டேன்."

"நான் அவ புருசன்."

"அதனாலதான்"னா.

பாத்தியளா! அதனாலதானாம். நான் எதிர்த்தாப்புல இருந்த செவுத்துல சாஞ்சி நின்னேன். மழ. உள்ள பாட்டுச் சத்தம். பொறவு சிரிப்பு. ஒரு சிரிப்பு பியூலா சிரிப்பு மாதிரியே இருந்துச்சி அண்ணாச்சி. சத்தியமா. பொறவு யோசிச்சிப் பாத்தா, அவ எப்படிச் சிரிப்பான்னு எனக்கு ஞாபகம் வரல. சர்ச்சுல சிரிப்பா, வாயப் பொத்திக்கிட்டு. இது அந்த மாதிரி இல்ல. ரெண்டு மணி நேரம் நின்னேன். முப்பது நாப்பது பேரு வெளிய வந்தாளுவ. ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். அவ இல்ல. கடைசில ஒருத்தி எங்கிட்ட வந்து, "உங்க மனைவி எதுக்குப் பயப்படுவாங்க?"ன்னு கேட்டா. "அவளுக்கு என்ன பயம், நான் இருக்கும்போது?"ன்னேன். அவ திரும்பிப் போயிட்டா. அதுக்குள்ள போலீஸ் வண்டி வந்துட்டு. இனிமே அந்தத் தெருவுல நிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனான்.

அந்த வாரந்தான் பியூலாகிட்ட இருந்து சேதி வந்துச்சி. நான் ஊரெல்லாம் தேடுததக் கேள்விப்பட்டிருப்பா. ஒரு தடவ பேசலாம், ரயிலடிக் காபிக் கடைல, பகல் பதினோரு மணிக்கின்னு. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா! முடி வெட்டிக்கிட்டேன். அவளுக்குப் பிடிச்ச நீலச் சட்ட போட்டுக்கிட்டுப் போனேன். அவளுக்குப் பிடிக்கும்னுதான் நெனைக்கேன்.

அவ வந்தா. பின்னால அந்த ஹிலாரி வந்து அடுத்த மேசைல உக்காந்துக்கிட்டா. பியூலா கொஞ்சம் சத போட்டிருந்தா. முடியக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தா.

"செல்வின்"னு கூப்பிட்டா.

பதினோரு வருசம் அத்தான்னு கூப்பிட்டவ. பேரச் சொல்லிக் கூப்புடுதா. எனக்கு வேற யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சி.

"எந்தக் கூட்டத்துல இருக்க பிள்ள? சொல்லு. நான் அவங்ககிட்ட மரியாதையாப் பேசுதேன்"னேன்.

"கூட்டத்துல இல்ல."

"இவ கூட்டத்துலதான?"

"ஹிலாரி கூட்டம் வேற. அவங்க சாக்சன் வழி, விக்காவுலயே இன்னொரு பிரிவு. அங்க கூப்பிட்டாங்க, நான் சேரல. நான் தனி. தனியா செய்யுதவங்க நெறய பேரு இருக்காங்க."

"தனியான்னா? தீட்சை யாரு குடுத்தா?"

"நானே."

"ஒனக்கு மேல யாரு?"

"யாருமில்ல."

நான் விடல. "இது எப்படிளா ஆரம்பிச்சிது? யாரு ஒனக்கு இதச் சொல்லித் தந்தா?"ன்னேன். அவ சொன்னா. அக்டோபர் கடைசி நாளு செத்தவங்கள நெனைக்கிற நாளாம் அவங்களுக்கு. ஹிலாரி, வார்டு சாப்பாட்டு அறைல ஒரு தட்டக் கூடுதலா வச்சிருந்தாளாம், செத்துப்போன அவ தம்பிக்கி. இவளப் பாத்து, "உனக்கு யாராவது இருக்காங்களா?"ன்னு கேட்டாளாம். இவ அம்மா பேரச் சொன்னாளாம். உடனே இன்னொரு தட்டு வச்சாளாம்.

"அதுல நான் ஒரு பிஸ்கட் வச்சேன்"னா பியூலா. "ரெண்டு வருசத்துல அன்னைக்கித்தான் அம்மாவுக்காக அழுதேன். யாரும் போனப் பிடிச்சிக்கிட்டு நிக்கல."

ஒரு பிஸ்கட்டு அண்ணாச்சி! இதுக்காக ஒருத்தி மதம் மாறுவாளா? இதையே எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் வீட்டுலயே ஒரு ஜெபக் கூட்டம் வச்சிருப்பேன், சபைல எல்லாரையும் கூப்பிட்டு. அதையே அவகிட்டயும் சொன்னேன். அவ காபியக் குடிச்சி முடிச்சா. கையத் தொடலாம்னு நீட்டுனேன். எடுத்துக்கிட்டா. வெடுக்குன்னு இல்ல, மெதுவா, சூடான பாத்திரத்துல இருந்து எடுக்குத மாதிரி.

"எனக்கு ஒங்க மேல கோவம் இல்ல. சபிக்கவும் மாட்டேன், அது எங்களுக்கு ஆவாது. ஆனா வரமாட்டேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சா. "விசா ஆபீஸுக்கு எழுதியாச்சி. ஒங்களுக்குக் கடுதாசி வரும். முன்னாலயே தெரிஞ்சிருக்கட்டும்னுதான் சொல்லுதேன்."

கடுதாசி வந்துட்டு. அறுவது நாளு. அதுக்குள்ள நாட்ட விட்டுப் போவணுமாம். இப்ப பத்தொம்பது நாளு மிச்சம். ஊருக்குப் போயி நான் என்ன சொல்ல? கடையும் இல்ல. எங்க அம்மா, பியூலா எங்கன்னு கேப்பா. சர்ச்சுல கேப்பானுவ. கூடவே இருந்தியல, எப்படி விட்டன்னு கேப்பானுவ. இங்க இருக்க முடியாது, அங்க போவ முடியாது. வீட்டுல உக்காந்தா மூச்சு முட்டுது. ரெண்டே ரூம்பு. அவ மூணு வருசம் அதுக்குள்ள எப்படித்தான் இருந்தாளோன்னு ஒரு நாள் நெனச்சேன். பொறவு, அவளுக்கென்ன, வேலைக்கிப் போயிட்டு வந்தாள்லான்னு விட்டுட்டேன்.

இப்ப பிளைமவுத் போறேன். அங்க ஒரு பொம்பள இருக்காளாம், எம்பத்தியஞ்சி வயசு. எல்லா வழிக்காரங்களும் அவ பேச்சக் கேப்பாங்கன்னு இன்டர்நெட்ல ஒருத்தன் எழுதியிருந்தான். தோட்டக்காரங்க, பங்காளிங்க, பொம்பளைங்க, தனியா செய்யுதவங்க, எல்லாருமே. மொரீன் பொய் சொல்லியிருக்கா, பாத்தியளா. நான் அப்பமே நெனச்சேன். அந்தக் கெழவி ஒரு வார்த்த சொன்னா போதும். பியூலா பெரியவங்களுக்கு அடங்குத பிள்ள. அது எனக்குத் தெரியும்.

ஆனா போறதுக்கு முன்னால பியூலாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு இருக்கு. என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டேங்கா. பாஸ்டர் நம்பரையும் நிப்பாட்டி வச்சிட்டா. கடைக்காரன் போன், பக்கத்து வீட்டு போன், எல்லாம் ஒவ்வொரு தடவ செஞ்சி பாத்தாச்சி. உங்க நம்பர்னா தெரியாது, எடுப்பா. ஆஸ்பத்திரில இருந்துன்னு நெனச்சி எடுப்பா. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். அவ "ஹலோ"ன்னதும் போன எங்கிட்ட குடுத்துருங்க. அவ்வளவுதான். அவ சேதி அனுப்புன நம்பர் எனக்கு மனப்பாடம், சொல்லுதேன், அடிங்க.

என்ன, போன உள்ள வச்சிட்டிய?

ஏன் எந்திரிக்கிய? இது பர்மிங்ஹாம்லா. நீங்க பிரிஸ்டல்ல எறங்கணும்னு டிரைவர்கிட்ட சொன்னத நான் கேட்டேனே. இன்னும் ஒன்ற மணி நேரம் இருக்கு. உக்காருங்க. அந்தப் பக்கம் கண்ணாடி, இந்தப் பக்கம் நான், எந்திரிச்சி எங்க போவிய? சும்மா உக்காருங்க அண்ணாச்சி. ஒரே ஒரு தடவ.